ஷாக் காலரை உங்கள் உடம்பில் கட்டிப் பார்க்கும் முன்

அலங்காநல்லூர் பக்கம் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய். பக்கத்துக் கொல்லையில் மேயும் ஆடுகளை அது விரட்டுகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. யாரோ சொல்லக் கேட்டு இணையத்தில் ஒரு ஷாக் காலர் வாங்கினேன், அதாவது நாயின் கழுத்தில் கட்டி மின்சாரத்தால் சுண்டிப் பழக்கும் பட்டை. நாய்க்கு மாட்டும் முன் அதன் வலி எப்படி இருக்கும் என்று நானே தெரிந்துகொள்ள நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை. செய்த முறை முழுக்கத் தப்பு. முதல் நாள் என் கை மாட்டிக்கொண்டது. மறுநாள் என் மாமன் மகன் அதைக் கழுத்தில் கட்டி, மோட்டார் ரூம் திண்ணையிலிருந்து விழுந்து, காறை எலும்பில் விரிசலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அதன் பிறகு விசாரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர்கள் இதைக் கட்டிப் பார்ப்பது ஒன்றும் அபூர்வமில்லை. நாய் வளர்ப்பவர்கள் சோதிப்பதற்காகக் கட்டுகிறார்கள். நண்பர்கள் பந்தயத்துக்குக் கட்டுகிறார்கள். சிகரெட்டை விட நினைப்பவர் தனக்குத்தானே கட்டிக்கொள்கிறார். தம்பதிகள் தங்கள் விருப்பத்துக்குத் தனிமையில் பயன்படுத்துகிறார்கள். 18 வயது தாண்டிய இரண்டு பேர் மனமொப்பிச் செய்வதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி நாய்க்காகச் செய்தது. மனித உடம்புக்கு என்று இதை யாரும் சோதித்துச் சான்று தந்து விற்பதில்லை. அதனால் முழுப் பாதுகாப்பு என்பது இதில் கிடையாது. ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கீழே உள்ள படிகளில் ஏதாவது ஒன்றை உங்களால் செய்ய முடியாவிட்டால் கட்டாதீர்கள்.

1. உங்கள் உடம்புக்கு இது ஆகுமா?

கீழே சொல்பவர்கள் யாராக இருந்தாலும், எவ்வளவு குறைந்த அளவிலும், இதைத் தொடவே வேண்டாம்.

பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவி வைத்திருப்பவர்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள். கர்ப்பிணிகள். காதுக்குள் மின்கருவி பொருத்தியவர்கள், இன்சுலின் பம்ப் அணிந்தவர்கள். கட்டப்போகும் இடத்தில் எலும்புக்குள் கம்பியோ தகடோ உள்ளவர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பல வருடச் சர்க்கரையில் காலில் உணர்ச்சி மங்கிவிடும். ஷாக் உறைக்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தோல் வெந்தது கூடத் தெரியாது, அப்புறம் அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம். காலில் மதமதப்பு இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களும் 40 வயதைத் தாண்டியிருந்தால் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனையில், வெளிநோயாளிச் சீட்டு போட்டால் இலவசமாக எடுக்கலாம். அரை நாள் ஒதுக்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். நான் தனியார் லேப் ஒன்றில் எடுத்தேன், 250 ரூபாய் ஆனது, 15 நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். ஈசிஜி நன்றாக இருந்தால் ஷாக் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் ஆகாது. தெரியாத கோளாறு ஏதாவது இருந்தால் பிடிபடலாம், அதற்காகத்தான். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட டாக்டருக்கு அது உதவும்.

2. எந்தக் கருவி என்று பாருங்கள்

கடையில் மூன்று வகை கிடைக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒன்று, ரிமோட் வைத்து ஒருவர் பொத்தானை அமுக்கினால் மட்டும் வேலை செய்வது. மனிதர் கட்டிப் பார்க்கிறார் என்றால் இந்த வகை ஒன்றுதான் யோசிக்கவே தகும்.

இரண்டாவது, நாய் குரைத்தால் தானாக ஷாக் அடிப்பது. இதை மனிதர் ஒருபோதும் கட்டக்கூடாது. இது தொண்டை அதிர்வையோ சத்தத்தையோ உணர்ந்து அடிக்கும். முதல் ஷாக்கில் நீங்கள் கத்துவீர்கள். அந்தக் கத்தலையே குரைப்பு என்று எடுத்துக்கொண்டு மறுபடி அடிக்கும். நிறுத்த உங்கள் கையிலும் ஒன்றும் இல்லை, எதிரில் இருப்பவர் கையிலும் ஒன்றும் இல்லை. பெட்டியில் 'தானியங்கி' என்றோ குரைப்பை நிறுத்தும் கருவி என்றோ போட்டிருந்தால் அப்படியே மூடி வையுங்கள். சில மாடல்களில் ரிமோட்டும் இருக்கும், இந்தத் தானியங்கி முறையும் சேர்ந்தே இருக்கும். அதில் தானியங்கி முறை முழுவதும் அணைந்திருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, நாய் எல்லையைத் தாண்டினால் அடிக்கும் வேலி வகை. இதுவும் தானாகவே அடிப்பதுதான். வேண்டாம்.

ரிமோட் வகையிலும் இரண்டு விஷயம் பாருங்கள். பொத்தானை விடாமல் அமுக்கினாலும் சில வினாடிகளில் தானாக நின்றுவிடும் வசதி இருக்க வேண்டும். நல்ல கருவிகளில் 8 முதல் 10 வினாடிக்குள் நின்றுவிடும். அடுத்தது, 1 முதல் 100 வரை என்று போட்டிருக்கும் எண்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்தப் பொதுவான அளவுகோலும் இதற்குக் கிடையாது. ஒரு கம்பெனியின் 20 இன்னொரு கம்பெனியின் 60 ஆக இருக்கலாம். 'நண்பன் 50 வைத்தான், ஒன்றும் ஆகவில்லை' என்பது உங்கள் கருவிக்குப் பொருந்தாது.

3. பில், பெட்டி, கையேடு

ஷாக் பட்டது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'எவ்வளவு வோல்ட், எத்தனை வினாடி?' எங்களிடம் பதில் இல்லை. கையேட்டைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. பெட்டியில் சீன எழுத்து. விற்றவரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. விவரம் தெரியாததால் டாக்டர் எதையும் விட்டுவிட மனமில்லாமல், மாமன் மகனை ஒரு ராத்திரி முழுக்க மானிட்டரில் போட்டு வைத்திருந்தார்.

அதனால் வாங்கும்போதே இதையெல்லாம் செய்துவிடுங்கள். பில்லை போனில் சேமித்து வையுங்கள். பெட்டியின் நான்கு பக்கத்தையும், கருவியின் பின்னால் உள்ள மாடல் எண்ணையும், கையேட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பழுதான கருவி வந்திருந்தால் திருப்பி அனுப்ப அதுதான் சாட்சி. திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் 7 நாள்தான். நான் பத்தாம் நாள் பார்த்தேன், ஏற்கவில்லை.

பழுதான கருவிக்குப் பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், செலவில்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் பழுதுக்குத்தான் அந்த வழி. நாய்க்கு விற்றதை மனிதர் கட்டிக் காயம் பட்டால் 'கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறோமே' என்று விற்றவர் சொல்லிவிடுவார்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கருவி எனக்கு 2,400 ரூபாய். ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஒரு ராத்திரி படுக்கை, தோளில் போடும் பட்டை எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல். ஆறு வாரம் அவன் வேலைக்குப் போகவில்லை.

4. சம்மதத்தை முன்பே பேசி முடியுங்கள்

எங்கள் கூட்டத்தில் ஒருவர், '20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்கப்பா, பிரச்சினை வராது' என்றார். அந்தப் பத்திரத்துக்கு நீங்கள் நினைக்கும் பலம் கிடையாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு 18 வயதுக்கு மேற்பட்டவரின் சம்மதத்தை ஏற்கிறது. ஆனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள செயல் என்று தெரிந்தே செய்தால் அந்தச் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. எலும்பு முறிவும் கொடுங்காயக் கணக்கில்தான் வரும். பயத்தில் கொடுத்த சம்மதமும், என்ன செய்கிறார்கள் என்று புரியாத போதையில் கொடுத்த சம்மதமும் சம்மதமே அல்ல என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆக யாராவது குடித்திருந்தால் அன்றைக்குக் கிடையாது. கட்டுபவர் குடித்திருந்தாலும் சரி, ரிமோட் வைத்திருப்பவர் குடித்திருந்தாலும் சரி.

கணவன் மனைவிக்கும் இதே கதைதான். கல்யாணம் ஆனதால் சம்மதம் தானாக வந்துவிடாது, போன வாரம் கொடுத்தது இந்த வாரத்துக்குச் செல்லாது. யாராவது உங்களை வற்புறுத்திக் கட்டினால் அது விளையாட்டில்லை, அடிப்பது மாதிரிதான். பெண்கள் 181 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். ஹாஸ்டலில் சீனியர்கள் 'தைரியம் இருந்தா கட்டுடா' என்று முதலாண்டுப் பையனிடம் நீட்டினால் அது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

சரி, இருவரும் உண்மையாகவே மனமொப்பி இருக்கிறீர்கள் என்றால், நிறுத்துவது எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'போதும்' என்ற சொல்லை நம்பாதீர்கள். சிரித்துக்கொண்டே 'போதும் போதும்' என்று சொல்வது நம் வழக்கம், எதிரில் இருப்பவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். நாங்கள் 'தல்லாகுளம்' என்று ஒரு சொல்லை வைத்துப் பார்த்தோம். தாடை இறுகிய நேரத்தில் முதல் எழுத்தைத் தாண்டி வாயில் எதுவும் வரவில்லை. கடைசியில் சரிப்பட்டு வந்தது சாவிக்கொத்து. கட்டியிருப்பவர் கையில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது கீழே விழுந்தால் ரிமோட் கீழே போய்விட வேண்டும், கேள்வி கிடையாது. சிமெண்டுத் தரையில் சாவி விழும் சத்தம் எந்தச் சிரிப்பையும் தாண்டிக் கேட்கும். வாயை அடைப்பதோ கையைக் கட்டுவதோ இதோடு சேரவே கூடாது.

5. எங்கே கட்டலாம், எங்கே கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கழுத்து கூடாது. காலர் என்ற பெயரே நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது. மனிதக் கழுத்தின் முன்பக்கம் குரல்வளை இருக்கிறது. இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்கள், அவற்றை ஒட்டியே ரத்த அழுத்தத்தை உணர்ந்து இதயத் துடிப்பைக் குறைக்கும் இடம், இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு. எல்லாமே தோலுக்கு மிக அருகில். அங்கே சுண்டினால் மூச்சு பிடித்துக்கொள்ளலாம், துடிப்பு திடீரென்று குறைந்து மயக்கம் வரலாம். மயக்கம் வந்தவரின் கழுத்தில் இறுக்கிக் கட்டிய பட்டை வேறு கிடக்கும். 'நாய் தாங்குதே' என்ற வாதமும் எடுபடாது. நாய்க்கு முடி இருக்கிறது, கழுத்துத் தசை வேறு, அதோடு அது தனக்கு என்ன செய்கிறது என்று நம்மிடம் சொல்வதும் இல்லை.

நெஞ்சு, மார்பகம், மேல் முதுகு, முதுகெலும்பு, தலை, முகம் எல்லாம் கூடாது. மின்சாரம் இதயத்தின் குறுக்கே போகும் பாதைதான் உயிருக்கு ஆபத்தான பாதை. ஒரு பட்டையில் தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகளும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் மின்சாரம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே சுற்றிவிடும். அந்த ஒரு காரணத்தால்தான் இது ஓரளவாவது தாங்கக்கூடியதாக இருக்கிறது. நெஞ்சில் வைத்தால் அந்தக் காரணமே போய்விடுகிறது. இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் கட்டுவதும், முனைகளில் கம்பி இழுத்து தூரமாக வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. மறைவிடங்களில் தோல் மெல்லியது, ஈரமானது, சீக்கிரம் புண்ணாகும். அங்கேயும் வேண்டாம்.

கையில் கட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இடது முன்கையில் உள்பக்கமாகக் கட்டி, அதே கையில் ரிமோட்டைப் பிடித்து அமுக்கினேன். முன்கையில் இருக்கும் தசைகள்தான் விரல்களை மடக்குகின்றன. ஷாக் பட்டதும் விரல்கள் ரிமோட்டோடு சேர்த்து இறுகிக்கொண்டன, கட்டைவிரல் பொத்தானிலேயே நின்றது. விட வேண்டும் என்று தெரிகிறது, விட முடியவில்லை. 'மச்சான், ரிமோட்ட கீழ போடு!' என்று மாமன் மகன் கத்துகிறான். 'விரல் விரிய மாட்டேங்குதுடா' என்று சொல்ல நினைத்தேன், வந்தது வெறும் முனகல். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். எத்தனை வினாடி என்று தெரியாது. அந்தக் கருவி தானாக நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது, நிற்கவில்லை.

அதனால் இடுப்புக்குக் கீழே மட்டும். தொடையின் வெளிப்பக்கம், அல்லது கெண்டைக்கால் சதை. ஒரே காலில் மட்டும். வெட்டுக்காயம், சிரங்கு, புடைத்த நரம்பு, மச்சம் இருக்கும் இடத்தைத் தவிருங்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லது படுத்திருக்க வேண்டும். ஷாக் பட்ட கால் தானாக உதறும். நின்றுகொண்டு, திண்ணை விளிம்பில், கிணற்று மேட்டில், மொட்டை மாடியில், வண்டி ஓட்டும்போது, அடுப்படியில், தண்ணீருக்குப் பக்கத்தில் எதுவும் வேண்டாம். மாமன் மகன் விழுந்த திண்ணை இரண்டரை அடி உயரம்தான்.

6. கட்டும் முன் பல்பை வைத்துச் சோதியுங்கள்

பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சின்னச் சோதனை பல்பு இருக்கும். பலர் என்னவென்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைக் கருவியின் இரண்டு முனைகளிலும் வைத்து ரிமோட்டை அமுக்கினால் ஒளிரும்.

முதலில் மிகக் குறைந்த அளவில் அமுக்குங்கள், விட்டதும் அணைய வேண்டும். அடுத்து விடாமல் அமுக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பாருங்கள், 10 அல்லது 12 வினாடிக்குள் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தக் கருவி மனிதருக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம். அப்புறம் யாரும் தொடாமல் அரை மணி நேரம் பல்போடு அப்படியே வைத்துப் பாருங்கள். மலிவான ரிமோட்டுகள் பக்கத்தில் உள்ள வேறு ரிமோட்டின் அலைக்கும் வேலை செய்வது உண்டு. யாரும் அமுக்காமல் ஒரு தடவை ஒளிர்ந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பேட்டரிப் பக்கம் உப்பியிருக்கிறதா, சார்ஜ் போடும்போது கையைச் சுடுகிறதா என்றும் பாருங்கள். சார்ஜில் போட்டபடி உடம்பில் கட்டுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. பேட்டரியில் ஓடும்போது கருவிக்குள் இருக்கும் சக்தி கொஞ்சம்தான். மட்டமான சார்ஜர் ஒன்றில் பழுது வந்தால் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் நேராக உடம்புக்கு வரலாம்.

7. அளவும் நேரமும்

ரிமோட்டில் ஒரு தட்டு மட்டும் அடிக்கும் முறையும், அமுக்கும் வரை அடிக்கும் முறையும் தனித்தனியாக இருக்கும். ஒரு தட்டு முறையில் மட்டும் வையுங்கள். 1இல் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு எண் மட்டும் கூட்டுங்கள், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். 'லேசாகச் சுருக்கென்றது' என்று தெரிந்ததும் அதோடு நிறுத்துங்கள். சோதித்துப் பார்க்கத்தானே கட்டினீர்கள், அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். முதலில் அணைத்துவிட்டுப் பட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முனை தோலில் சரியாகப் படாமல் இருக்கும். மாமன் மகனுக்கு நடந்தது அதுதான். பட்டை தளர்வாக இருந்தது. 'ஒண்ணும் தெரியல, இன்னும் ஏத்து' என்று சொல்லிச் சொல்லி 40 வரை போய்விட்டோம். தலையைத் திருப்பிய நேரம் இரண்டு முனையும் ஒன்றாகப் பதிந்தன. 40 மொத்தமாக இறங்கியது. பட்டையைச் சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும் மறுபடி 1இல் இருந்துதான் வர வேண்டும்.

அடுத்த பொறி வியர்வை. கத்திரி வெயிலில் மதுரையில் ஃபேன் காற்றே அனலாக வரும், கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். வியர்வை ஊற ஊறத் தோலின் தடை குறைந்து கூடுதல் மின்சாரம் பாயும். தொடங்கும்போது தாங்கிய 5, பத்து நிமிடம் கழித்து அதே 5 ஆக இருக்காது. உலர்ந்த துண்டால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள், எண்ணெய், பவுடர், தண்ணீர் எதுவும் தடவாதீர்கள். வியர்த்து வழிந்தால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

கட்டியிருக்கும் மொத்த நேரம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. ஷாக்கே அடிக்காவிட்டாலும் முனைகள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் புண் வரும். நாய்களுக்கே நாள் முழுக்கக் கட்டி விட்டால் கழுத்தில் குழிப்புண் வருகிறது. கட்டியபடி தூங்குவது கூடவே கூடாது. தனியாக இருக்கும்போதும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் 108க்குப் போன் பேசத் தெரிந்தவராக, பட்டையின் கொக்கியைக் கழற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்ற முடிகிறதா என்று முன்பே ஒரு தடவை பழகிப் பாருங்கள்.

8. கழற்றிய பிறகு

இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஓரிரு மணி நேரத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையும் வரை அதே இடத்தில் மறுபடி கட்டக்கூடாது. கொப்புளம், வெள்ளையாகவோ கருப்பாகவோ ஒரு புள்ளி, மறுநாளும் போகாத மதமதப்பு என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், பேஸ்ட், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். வெந்த மாதிரி இருந்தால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டுச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், தலையில் அடி என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே 108. நினைவில்லாமல் மூச்சும் இல்லாமல் கிடந்தால், பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் முதலில் 'மாடியில் வழுக்கி விழுந்துட்டான்' என்றோம், வெட்கம்தான் காரணம். கழுத்தில் இருந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்து நர்ஸ் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தோம். ஷாக் என்று தெரிந்த பிறகே ஈசிஜி எடுத்தார்கள், இரண்டு மணி நேரம் அதில் போனது. இருவர் சம்மதத்தோடு செய்தது என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காயம் எப்படி வந்தது என்று பதிவேட்டில் எழுதுவது ஆஸ்பத்திரி வழக்கம், போலீசுக்குத் தகவல் போகலாம். அதற்குப் பயந்து மறைத்தால் சிகிச்சை தவறிவிடும்.

9. இதற்குப் பதிலாக

மின்சாரம் உடம்பில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால், பிசியோதெரபி நிலையங்களில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வார்களே, அந்த டென்ஸ் கருவியின் சின்ன வடிவம் வீட்டுக்கே கிடைக்கிறது. மனிதருக்காகவே செய்தது. பரந்த ஒட்டுப் பட்டைகள் இருப்பதால் மின்சாரம் ஒரு ஊசிமுனையில் குவியாது. அளவை மெல்ல மெல்ல ஏற்றலாம். நான் 2,100 ரூபாய்க்கு வாங்கினேன், அதாவது அந்த ஷாக் காலரை விடக் குறைவு. முதல் தடவை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிப் பழகுங்கள், ஒரு தடவைக்கு 300 ரூபாய் வாங்கினார். ஆனால் 1ஆம் பகுதியில் சொன்ன ஆட்களுக்கு இதுவும் ஆகாது, கழுத்தின் முன்பக்கமும் நெஞ்சும் இதற்கும் கூடாது.

எங்கள் நாய்க்கு அந்தப் பட்டையைக் கட்டவே இல்லை. என் விரல்கள் இறுகிய அன்றே அந்த எண்ணம் போய்விட்டது. நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆட்டுமந்தைப் பக்கம் தினமும் நடத்தி, எங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கருவாடு என்று பழக்கினோம். இரண்டு மாதம் ஆனது.

10. எடுத்து வைப்பது

பட்டையையும் ரிமோட்டையும் தனித்தனி இடத்தில், பூட்டி வையுங்கள். குழந்தைகளுக்கு இது பொம்மை மாதிரிதான் தெரியும், விளக்கு எரியும், பொத்தானை அமுக்கினால் சத்தம் வரும். எங்கள் வீட்டில் பட்டை பீரோவில் இருக்கிறது, ரிமோட் தோப்பு மோட்டார் ரூம் பெட்டியில். முற்றிலும் வேண்டாம் என்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. பழைய போன், பேட்டரி எடுக்கும் மின்கழிவுச் சேகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த இரண்டு உலோக முனைகளையும் திருகிக் கழற்றிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துக் கட்டிப் பார்க்காமல் இருக்கும்.